இருபத்தேழாம் குழாய்

பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது நான் வேலை செய்த ஆய்வுகூடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். பதினைந்து வருடத்துக்கு மேல், ஒரே சன்னலுக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களுடைய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருடைய பரிசோதனை முடிவை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தது ஒருநாளும் கிடையாது என்று நான் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பெருமை எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். ஒரு பெண்ணின் இரத்தம் இன்னொரு பெண்ணின் பெயரில் போனது. எங்கேயோ பிழை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் நான் ஒன்பது நாள் சும்மா இருந்தேன்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக மாற்றலாகி வந்தவர். நான் படித்ததும் வளர்ந்ததும் பதுளையில்தான். ஆனாலும் வாயைத் திறந்தால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊசி போடுகிற பெண் எவளும் அவர்களுக்கு மிஸி; நான் யாழ்ப்பாணத்து மிஸி. எனக்குக் கொஞ்சம் கோபம் கூட, கண்டிப்பும் கூட. வேலை பழக வருகிற பெண்பிள்ளைகள் என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். முதல் நாளிலேயே அவர்களுக்கு ஒரு விதியைச் சொல்லிக் கொடுப்பேன். ஊசியைத் தொடுவதற்கு முன் ஆளிடம் பெயரைக் கேட்க வேண்டும், நாங்கள் பெயரைச் சொல்லி "நீங்கள்தானே?" என்று கேட்கக் கூடாது. நோயோடு வருகிற வருத்தக்காரர் எதற்கும் தலையாட்டுவார். அவர் வாயால் அவர் பெயர் வர வேண்டும். இதை மறந்த ஒரு பிள்ளையை நான் அழவைத்தே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பாதைகளில் சோதனைச் சாவடிகள் குறைந்திருந்த ஒரு வருடத்தில், கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். வாழ்நாள் முழுக்கத் தேயிலையோடு கிடந்து, தேயிலையையே குடித்து வயதானவர்களின் இரத்தத்தில் ஒட்சியேற்ற எதிரிகள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது அவருடைய ஆய்வு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் முப்பது பேர் வேண்டும். இரத்தம் எடுக்க, பிரிக்க, உறைய வைக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும். ஆய்வுகூடத்தையும் நடத்திய மருந்துக்கடைக்காரர் என்னைக் கை காட்டினார். எனக்கு உள்ளுக்குள் சரியான சந்தோஷம். அதுவரைக்கும் நான் சீனியும் கொழுப்பும் பார்த்துக்கொண்டிருந்தவள். ஆராய்ச்சி என்ற சொல்லை எனக்குப் பக்கத்தில் யாரும் வைத்ததில்லை.

பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் இருந்த ஒரு தோட்டத்தைத் தெரிந்தெடுத்தோம். அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவரை எல்லோரும் டிஸ்பென்சர் ஐயா என்பார்கள். நல்ல மனிதர். அவர் செக்ரோல் என்ற வேலையாட் பதிவேட்டையும் அடையாள அட்டைகளையும் பார்த்து முப்பது பேரின் பட்டியலைத் தயாரித்தார். வயதை நிரூபிக்க அட்டை வேண்டும் என்பது பேராசிரியையின் நிபந்தனை. அட்டை இல்லாதவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அறுபதைத் தாண்டியும் அட்டை இல்லாமல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் மாலை பேராசிரியை பட்டியலில் இருந்தவர்களைக் கூப்பிட்டு விளக்கினார். வாழைக்காயை வெட்டி வைத்தால் கறுத்துப் போகிறது, தேசிக்காய்ப் புளியைத் தடவினால் கறுக்காது. அதைப்போல எங்கள் உடம்பையும் கறுக்கவிடாமல் காப்பாற்றும் பொருட்கள் இரத்தத்தில் இருக்கின்றன, அவற்றைத்தான் அளக்கப் போகிறோம் என்றார். நன்றாகச் சொன்னார். வயதான பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். தங்களுக்குள்ளே தேசிக்காய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. இரத்தம் கொடுப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பால்மா பக்கற் என்றதும் சிரிப்பு அடங்கி, எத்தனை கிராம் என்ற பேச்சு வந்தது.

அடுத்த நாள் விடிய, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் மேசை போட்டோம். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். நாங்கள் போகும்போதே எல்லோரும் குந்தியிருந்தார்கள். டிஸ்பென்சர் ஐயா முதல் நாளே அட்டைகளை வாங்கி, இறப்பர் வளையம் போட்டு, பட்டியல் வரிசைப்படி மேசையில் வைத்துவிட்டு டிஸ்பென்சரி வேலைக்குப் போய்விட்டார். பார்க்கத் திருத்தமாக இருந்தது. அந்தத் திருத்தத்தில்தான் நான் ஏமாந்தேன்.

இந்த ஆய்வுக்கான இரத்தம் சாதாரண இரத்தம் போல இல்லை. விற்றமின் சி கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். எடுத்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும். வெளிச்சம் படாமல் குழாயை ஈயத்தாளால் சுற்ற வேண்டும். பிரிக்கும் இயந்திரத்துக்கு டிஸ்பென்சரியிலிருந்து வயர் இழுத்திருந்தோம். அது இரண்டு தடவை நின்றது. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் வரைக்கும் என் விதிப்படி பெயரைக் கேட்டேன். அவர்கள் மெதுவாக, தகப்பன் பெயரோடும் குடியிருக்கும் லயத்து இலக்கத்தோடும் சொன்னார்கள். அது நேரம் எடுத்தது. பதினோராவது ஆளிலிருந்து நானே பட்டியலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் ஒருவர் எழும்பி வந்து "ஆமாங்க" என்பார். நான் கையைக் கட்டி ஊசியைப் போடுவேன்.

பட்டியலைக் கையில் வைத்திருக்கிறவரிடம் "ஆமாங்க" சொல்லியே பழகின சனம் அது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

இருபத்தேழாம் பெயரைக் கூப்பிட்டபோது வந்தவர் மெலிந்த பெண். முக்காட்டை விலக்காமல் உட்கார்ந்தார். விரல்களில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்தது. காத்திருந்த நேரத்தில் இரண்டு தரம் தண்ணீர் கேட்டுக் குடித்தவர் அவர்தான். தண்ணீர் குடிக்கலாம் என்று நானே சொல்லியிருந்தேன். மற்றவர்கள் ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று குழாய் நிறைந்ததும் நான் ஊசியை எடுத்தேன்.

"போதுமாங்க மிஸி? வேணும்னா இன்னுங் கொஞ்சம் எடுத்துக்கங்க" என்றார்.

எல்லோரும் எப்போது முடியும் என்று கேட்ட இடத்தில் இப்படி ஒருவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. போதும் அம்மா என்று சொல்லிப் பால்மா பக்கற்றைக் கொடுத்தேன். அதைச் சேலைக்குள் செருகிக்கொண்டு போனார். நான் அவருடைய அட்டையைத் திறந்து படத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தப் படம் இருபது வருடத்துப் படம். இப்படி ஒரு சமாதானத்தை எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் பதுளையில் குழாய்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று தனியாகத் தெரிந்தது. இரத்தத்தைச் சுற்றிப் பிரித்தால் மேலே நிற்கும் நீர் பொதுவாக வைக்கோல் நிறத்தில் இருக்கும். இருபத்தேழாம் குழாயில் அது மஞ்சள் கரைத்த தண்ணீர் போல நின்றது. மஞ்சட்காமாலையோ என்று உடனே பார்த்தேன், இல்லை. அப்படியானால் கரோட்டின்தான். கரட்டும் பப்பாசியும் அளவுக்கு மிஞ்சித் தின்றால் இரத்தம் இப்படி ஆகும். கொப்பியில் எழுதி வைத்தேன்: "27 - மிகவும் மஞ்சள். கரட்?"

கொழும்பில் அளந்து பார்த்துவிட்டுப் பேராசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். முப்பது பேரிலும் கரோட்டின் ஆகக் கூடியவர் இருபத்தேழுதான் என்றும், இந்த வயதில் இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார். நானே பெற்று வளர்த்த பிள்ளையைப் புகழ்ந்ததுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில் இன்னொரு வேலையும் செய்தேன். ஆய்வுக்கு எடுத்த இரத்தத்தில் மிச்சம் எங்கள் உறைபெட்டியில் இருந்தது. அந்த மனிதர்களுக்கு நாங்கள் எந்த முடிவும் கொடுக்கப் போவதில்லை, முடிவெல்லாம் கொழும்புக்கு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம் கையில் இருக்கிறதே, எல்லோருக்கும் சீனியாவது பார்த்துக் கொடுப்போம் என்று நினைத்தேன். யாரும் கேட்காமல் நானே பார்த்தேன். இருபத்தொன்பது பேருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருபத்தேழுக்கு முந்நூற்றைத் தாண்டியிருந்தது. நூறுக்கு மேல் போனாலே யோசிக்க வேண்டிய இடம். திரும்பவும் பார்த்தேன், அதேதான். பட்டியலில் இருந்த பெயரைக் காகிதத் துண்டில் எழுதி, சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டு, என் முத்திரையைக் குத்தி, டிஸ்பென்சர் ஐயாவுக்கு அனுப்பினேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

டிஸ்பென்சர் ஐயா அந்தப் பெயருக்குரியவரைக் கூப்பிட்டு, துண்டைக் கையில் கொடுத்து, கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே சீனியைக் குறைக்கக் குளிசை கொடுத்து, ஒன்றரை மாதத்தில் மறுபடியும் இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். துண்டில் முத்திரை இருந்தது, வெறும் வயிற்றில் எடுத்தது என்று எழுதியிருந்தது. அதை யாரும் சந்தேகப்பட நியாயம் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அந்த இரண்டாவது இரத்தம் எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்தது. சீனி ஐம்பதுக்குக் கீழே நின்றது. ஆள் மயங்கி விழுகிற அளவு. உடனே டிஸ்பென்சரிக்குத் தொலைபேசி எடுத்து, குளிசையை நிறுத்தி டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். அது வரைக்கும் சரியாகச் செய்தேன். பிறகு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. மஞ்சள் இல்லை.

நான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். "மிகவும் மஞ்சள்" என்று என் கையெழுத்தில் இருந்தது. சாப்பாட்டை மாற்றச் சொல்லியிருப்பார்கள், கரட்டை விட்டிருப்பார் என்று நினைத்தேன். ஒன்றரை மாதத்தில் நிறம் கொஞ்சம் குறையலாம். இப்படி முழுக்கப் போகுமா? போகாது என்று எனக்குத் தெரியும். ஆள் மாறியிருக்கிறது என்ற எண்ணம் வந்தது. வந்த உடனேயே அதைத் தள்ளினேன். என்னிடம் ஆள் மாறாது. பிள்ளையை அழவைத்த விதியை நானே மீறுவேனா என்ன? யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமாக ஒரு கிழமையில் பழைய இரத்தத்தைக் கொட்டிவிடுவோம். இந்தக் குழாயை மட்டும் கொட்டாமல் குளிர்ப்பெட்டியின் கதவோரத்தில் வைத்திருந்தேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. இப்படியே எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் பின்னேரம், வேலை பழகும் பிள்ளை ஒருத்தி வந்தவரிடம் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டாள். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அவளை அனுப்பிவிட்டு, உறைபெட்டியில் கிடந்த, பிள்ளை மடுவத்தில் எடுத்த இருபத்தேழை எடுத்து உருக வைத்தேன்.

உறைய வைத்த நீரில் இரத்தக் கலங்கள் இருக்காது. ஆனாலும் அந்த நீர் எந்த வகைக் கலத்தைத் திரள வைக்கிறது என்று பார்த்தால், அது எந்த வகை இரத்தத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் துளி விட்டுக் கலந்தேன். மடுவத்தில் எடுத்த இரத்தம் பி வகை. கதவோரத்துக் குழாய் ஓ வகை. மறுபடியும் செய்தேன். அப்போதும் அதேதான். சீனி ஏறலாம், இறங்கலாம், நிறம் மாறலாம். ஒரு மனுசியின் இரத்த வகை ஒன்றரை மாதத்தில் மாறாது. ஓட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பசறைக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். டிஸ்பென்சர் ஐயாவிடம் விசயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்தது. இருவருமாகப் பட்டியலில் பெயர் இருந்தவரின் லயத்துக்குப் போனோம். லயத்து அறையான காம்பராவின் வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உயரமான, பருத்த பெண். நான் இதற்கு முன் அவரைக் கண்டதே இல்லை.

மூன்று தரம் மயங்கி விழுந்ததைச் சொன்னார். ஒவ்வொரு தரமும் யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டாராம், உடனே சரியாகிவிட்டதாம். சீனி வருத்தத்தோடு சீனி தின்கிறோமே, டொக்டரை ஏமாற்றுகிறோமே என்று பயந்து, மறுநாள் குளிசையை ஒழுங்காகக் குடித்திருக்கிறார். நான் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்குப் பிள்ளை மடுவத்தில் யார் இரத்தம் கொடுத்தது என்று.

"நாந்தான் அன்னைக்கு தோட்டத்துலயே இல்லைங்களே. லுணுகலைக்கு மக வூட்டுக்குப் போயிருந்தேன். எனக்குப் பதிலா பக்கத்துக் காம்பராக்காரி வந்து குடுத்தா" என்றார். ஒளிக்கிற எண்ணம் எதுவும் அந்தக் குரலில் இல்லை.

ஏன் இதை முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். பழக்கம் போகுமா?

"யாரும் கேக்கலைங்களே மிஸி."

அந்த மடுவத்தில் குந்தியிருந்த மற்ற இருபத்தொன்பது பேருக்கும் அது தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய விசயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழுந்து பறிக்கிற இடத்தில் அது நாளாந்தம் நடப்பது. ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் கூடை நிறையாவிட்டால், பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவாள். தராசில் யாருடைய கொழுந்து என்று பார்ப்பதில்லை. யார் பெயரில் நிறுக்கிறது என்பதுதான் கணக்கு. அதைப்போல, பெயர் இருக்கிறவள் ஊரில் இல்லை, அவளுக்குப் பால்மா பக்கற் தவறிப்போகும். பெயர் இல்லாதவள் போய் அவளுக்காகக் கையை நீட்டினாள். பக்கற்றைக் கொண்டுவந்து முழுசாக அவளிடமே கொடுத்தாள். அவள் பாதியைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தாள். இவ்வளவுதான் நடந்தது.

பக்கத்துக் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. ஒரு நாற்றமும் இருந்தது. எனக்கு அந்த நாற்றம் தெரியும். "போதுமாங்க" என்று கேட்டவர் பாயில் கிடந்தார். மூலையில் ஒரு சாக்குக் கரட் இருந்தது. மகன் வெலிமடையில் மரக்கறி லொறிக்குச் சுமை ஏற்றுகிறவன்; உடைந்த கரட்டையும் வெடித்த கரட்டையும் ஒவ்வொரு கிழமையும் கொண்டுவந்து போடுவான். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத நாளிலும் அது இருக்கும். கொழும்புவரைக்கும் பெயர் எடுத்த கரோட்டின் அந்தச் சாக்கிலிருந்து வந்தது.

கவ்வாத்து வெட்டிய மலையில் விறகு பொறுக்கப் போனபோது தேயிலைக் குச்சி காலில் குத்தியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் என்றார்கள். டிஸ்பென்சர் ஐயா மூன்று தரம் கழுவி மருந்து கட்டியிருக்கிறார். சீனி இருக்கிறவர்களின் பட்டியலில் இவர் இல்லை, ஆகவே சீனி பார்க்கவில்லை. காலில் கட்டியிருந்த சீலைத்துணியை அவிழ்த்தோம். இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"மிஸியா? அன்னைக்கு எடுத்த ரத்தம் பத்தலையாங்க?" என்று கேட்டார்.

நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் பிடித்தோம். போகும் வழியில், பெயருக்குரியவர் தன் அடையாள அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார். அட்டை இல்லாவிட்டால் வார்ட்டில் எடுக்க மாட்டார்கள் என்று இருவரும் நம்பினார்கள். நான் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். அட்டை தேவையில்லை, அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்றேன். வேனில் வைத்து அவரிடம் பெயரைக் கேட்டேன். என் விதிப்படி, அவர் வாயால். சொன்னார். தகப்பன் பெயரும் சொன்னார். அட்டை எடுக்க இரண்டு தரம் போனதாகவும், பிறப்புப் பதிவு இல்லாததால் திருப்பி அனுப்பியதாகவும், பிறகு போகவில்லை என்றும் சொன்னார். இதையெல்லாம் கேட்க ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார். நான் வெளியில் காத்திருந்தேன். எப்போதிலிருந்து இப்படி என்று அவர் கேட்டார்; நாட்களைச் சொன்னேன். ஒரு கிழமை முந்தி வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குளிர்ப்பெட்டிக் கதவோரத்தில் நான் ஒரு குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. மூன்றாவது கிழமை காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. மகன் வெலிமடையிலிருந்து வந்து சேர்வதற்குள் அவர் இறந்துபோனார்.

அந்த மகனிடம் ஆள் மாறியதைச் சொன்னேன். என்னுடைய பிழை என்றும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, நீங்க கொண்டாந்து சேத்தீங்களே, அதுவே பெரிய ஒதவிங்க என்றான். ஒன்பது நாளைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் வெலிமடை பஸ்ஸில் ஏறினேன். இரண்டு தரமும் இடைவழியில் இறங்கித் திரும்பினேன். இப்போது அவன் எங்கே இருக்கிறானோ தெரியாது.

பேராசிரியைக்குக் கடிதம் எழுதினேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார். இறந்தவருடைய வயதுக்கு அத்தாட்சி இல்லை, சம்மதப் படிவத்தில் அவர் கையொப்பமும் வைக்கவில்லை. ஆகவே இருபத்தேழாம் வரியை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை, என் பிரதியிலும் நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்றார். அது முறைதான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். அடிமட்டத்தை வைத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, முப்பதை இருபத்தொன்பதாக்கி, கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

சில மாதங்களின் பின் ஒரு காலை, பெயருக்குரியவர் ஆய்வுகூடத்துப் படியேறி வந்தார். தனக்குச் சீனி இல்லை என்று எல்லோரும் சொல்லியும் மனம் கேட்கவில்லையாம். இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டுமாம். பெயரைக் கேட்டேன். தகப்பன் பெயரோடும் லயத்து இலக்கத்தோடும் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு இரத்தம் எடுத்தேன். முடிவு வரும் வரைக்கும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். சீனி சரியாக இருந்தது. சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேருக்கு அவ ரத்தம் குடுத்தா. அவ நோய்க்கு நான் குளிசை குடிச்சேன். ரெண்டு பேருக்கும் ஒதவலையே மிஸி" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பழகும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டார், அந்தப் பட்டியலில் இருபத்தேழில் இப்போது யாருடைய பெயர் இருக்கிறது என்று. யாருடையதும் இல்லை, அடித்துவிட்டோம் என்றேன்.

"அவ பேரைப் போட்டுடுங்க. அவ குடுத்ததுதானே."

கொழும்புப் பட்டியலில் இனிப் போட முடியாது என்பதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. உள்ளே போய் என் கொப்பியை எடுத்து வந்தேன். "27 - மிகவும் மஞ்சள். கரட்?" என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில், வேனில் கேட்ட பெயரை எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுதியதை வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். அந்தக் கொப்பியில் பெயருக்கு அடுத்தது வயதுக்கான கட்டம். என்ன வயது இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். இருவரும் ஒரே மலையில் ஒன்றாகக் கொழுந்து பறிக்கத் தொடங்கியவர்கள். விரல் விட்டு எண்ணி எண்ணிப் பார்த்தார்.

"தெரியலைங்க" என்றார். கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.